தங்கை மறுபடியும் வந்தால்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் பெயரையோ ஊரையோ தங்கையின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. அவள் புகுந்த வீட்டிலும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள் இருக்கலாம். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். இதே நிலையில் இருக்கும் அண்ணன்கள், அப்பாக்கள் பலர் எழுதுவதால்தான் உங்களுக்குத் தனியாக அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

ஆடி மாதம் உங்கள் தங்கை குழந்தையோடு வந்தாள். போகாதே என்று வீடே சொன்னது. சில நாளில் அவள் கணவர் வந்து வாசலில் நின்று அழுததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். "எங்களை முட்டாளாக்கிவிட்டாள். இனிமேல் அடிவாங்கிக்கொண்டு வந்தால் நான் ஏன் கதவைத் திறக்க வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

திறங்கள். எத்தனை தடவை வந்தாலும் திறங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: கழுத்தில் விரல் பதிந்தாற்போல் சிவந்திருந்தது, கேட்டதற்குச் செயின் அறுந்து கீறிவிட்டது என்றாள், இரண்டு நாள் குரல் கம்மியிருந்தது. அம்மா கஷாயம் வைத்துக் கொடுத்தார்கள்.

தம்பி, அது சளி இல்லை. கழுத்தை நெரித்திருக்கிறார். கன்னத்தில் அறைவதையும் கழுத்தை நெரிப்பதையும் ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. குடும்ப வன்முறைக்கு எதிராக வேலை செய்கிறவர்கள் ஒரு பெண்ணைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்விகளில் இது ஒன்று: கழுத்தில் கை வைத்திருக்கிறாரா? 2008இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, கணவனோ துணைவனோ முன்பு கழுத்தை நெரித்திருந்தால் அந்தப் பெண் பின்னால் கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் கூடுகிறது என்று காட்டியது. வெளியே ஒரு தடமும் இல்லாமலே உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்முவது, விழுங்கக் கஷ்டப்படுவது, கண்ணில் ரத்தத் திட்டு, சற்று நேரம் நினைவில்லாமல் போவது எல்லாம் மருத்துவமனைக்கு உடனே போகவேண்டிய அறிகுறிகள். சில சமயம் நாட்கள் கழித்துக்கூட மூச்சுக்கு ஆபத்து வரும். இனி ஒரு முறை இப்படி நடந்தது என்று தெரிந்தால், பேச்சுவார்த்தை, சமாதானம் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டாக்டரிடம் நடந்ததை நடந்தபடி அவள் சொன்னால் விபத்துப் பதிவேட்டில் ஏறும். அந்த ஏ.ஆர். காப்பி பின்னாளில் நீதிமன்றத்தில் அவளுக்காகப் பேசும். இந்த இடத்தில்தான் பல பெண்கள் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். பக்கத்தில் யார் நின்றுகொண்டிருக்கிறார் என்று பாருங்கள், காரணம் புரியும்.

மூன்று கேள்விகளை நீங்கள் அவளிடம் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும். கொன்றுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறாரா? அரிவாள், மண்ணெண்ணெய், பெட்ரோல் என்று எதையாவது கையில் எடுத்தது உண்டா? அடி முன்பைவிட அடிக்கடி விழுகிறதா? மூன்றில் ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும் இது குடும்பச் சண்டை என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். தீக்காயப் பிரிவுக்கு வரும் பெண்கள் எத்தனையோ பேர் "ஸ்டவ் வெடிச்சுடுச்சு" என்றுதான் முதலில் வாக்குமூலம் கொடுக்கிறார்கள். சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி. போன்ற அமைப்புகள் இப்படித் தீக்காயத்தோடு பிழைத்த பெண்கள் மத்தியில் பல வருடங்களாக வேலை செய்துவருகின்றன. நம் செய்தித்தாள்களில் வாரம் தவறாமல் வரும் ஒரு வரியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்: திருமணமாகி ஏழு ஆண்டுகள் ஆகாததால் ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது. அந்த விசாரணையில் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது அவள் அண்ணனோ அம்மாவோ கேட்டிருக்கக்கூடியவைதான். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஏன் திரும்பிப் போனாள்?

அவளுக்குப் புத்தியில்லை என்பதால் அல்ல. அவள் கையில் என்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஏ.டி.எம். கார்டு அவரிடம். கல்யாணத்துக்குப் போட்ட நகை மாமியார் பீரோவில். படிப்புச் சான்றிதழ்கள், ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அந்த வீட்டில். குழந்தை படிக்கும் பள்ளிக்கூடம் அந்த ஊரில். உங்கள் வீட்டிலோ, நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சின்னத் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "அக்கா வாழாம வந்து உக்காந்திருக்கா" என்ற பேச்சு அந்த வரனைக் கெடுத்துவிடும் என்று அத்தை அவள் காதுபடச் சொல்லியிருக்கிறார். அவள் அதைக் கேட்டாள். பிறகு அவர் வந்து அழுதார்.

அந்த அழுகையை நடிப்பு என்று தள்ளிவிட முடியாது. அடித்த மறுவாரம் மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வரும் கணவர்கள் நிறையப் பேர். லெனோர் வாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் எழுதிய நூலில் இதை ஒரு சுற்று என்று விளக்கினார்: பதற்றம் ஏறும், அடி விழும், பிறகு மன்னிப்பும் கொஞ்சலும் வரும், மறுபடி பதற்றம். எல்லா வீட்டிலும் அப்படியே நடப்பதில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். பல வீடுகளில் கொஞ்சலே கிடையாது. அடி எப்போதாவதுதான் விழும், ஆனால் கட்டுப்பாடு ஒரு நாளும் ஓயாது. யாரிடம் பேசினாய், கடைக்குப் போக ஏன் இவ்வளவு நேரம், மீதிச் சில்லறை எங்கே, அம்மாவுக்கு எதற்கு போன், இந்தச் சுடிதார் எதற்கு. இவான் ஸ்டார்க் 2007இல் எழுதிய நூல் முழுக்க இதைப் பற்றித்தான். அடியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் நோயைப் பார்க்காமல் காய்ச்சலை மட்டும் அளந்த கதையாகிவிடும். உங்கள் தங்கை ஒவ்வொரு நாளும் மூச்சுவிடுவதற்கு அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"குடித்தால் மட்டும்தான் கை நீட்டுவார், மற்றபடி தங்கமானவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். குடி ஆபத்தைக் கூட்டும், அடியை மூர்க்கமாக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதே போதையில் அவர் டாஸ்மாக் வாசலில் நிற்கும் போலீஸ்காரரை அடிப்பதில்லை, மறுநாள் முதலாளியை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, மனைவியை அடிக்கிறார். குடியை நிறுத்தினால் இதுவும் நின்றுவிடும் என்ற நம்பிக்கையில் பெண்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். குடியை நிறுத்திய பிறகும் அடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தங்கை தனி ஆளும் இல்லை. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் இருக்கும் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாடு முழுவதற்குமான சராசரி 29 சதவீதம். படிப்பிலும் மருத்துவத்திலும் முன்னால் நிற்கிறோம் என்று மார்தட்டும் மாநிலம் இது. அதே ஆய்வில், வன்முறைக்கு ஆளான பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் நாடு முழுவதிலும் 14 சதவீதம்தான். உங்கள் தங்கை ஒரு பையோடு வந்து உங்கள் வாசலில் நின்றாள் என்றால், பெரும்பாலான பெண்கள் செய்யத் துணியாததை அவள் செய்தாள். திரும்பிப் போனதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரேயடியாக விட்டு வந்தவர்கள் குறைவு. போய், வந்து, மறுபடி போய்த்தான் பெரும்பாலானோர் வெளியே வருகிறார்கள். ஒவ்வொரு தடவையும் பிறந்த வீட்டில் என்ன கிடைத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் அடுத்த தடவை கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள்.

அதனால் உங்களிடம் ஒன்றைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன தடவை வந்தபோது அவள் கையிலிருந்த போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். அவர் நம்பரை அழித்தீர்கள். "இனி நான் சொல்றதுதான், நீ வாயைத் திறக்காதே" என்றீர்கள். பாசத்தில் செய்தீர்கள், தெரியும். ஆனால் அந்த வீட்டில் அவர் சொன்னதைக் கேட்டாள், இந்த வீட்டில் நீங்கள் சொன்னதைக் கேட்க வேண்டியிருந்தது. போகாதே என்று உத்தரவு போடும் அண்ணனும், அனுசரித்துப் போ என்று அனுப்பிவைக்கும் பெரியப்பாவும் எதிரெதிராக நிற்பதாக நினைக்கிறார்கள். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் முடிவைத் தங்கள் கையில்தான் வைத்திருக்கிறார்கள். அவர் எந்தக் குரலில் பேசினால் அன்று ராத்திரி அடி விழும், எந்த நாளில் வெளியே வந்தால் துரத்திக்கொண்டு வருவார், எந்த நாளில் வரமாட்டார் என்பதெல்லாம் உங்களுக்கோ எனக்கோ தெரியாது. அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கைப் போட்டுத்தான் இத்தனை வருடம் உயிரோடு இருக்கிறாள். எப்போது கிளம்புவது என்பதை அவள் சொல்லட்டும். எப்படிக் கிளம்புவது என்பதில் நீங்கள் உடனிருங்கள்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் இதில் விதிவிலக்கு. அவள் அலறுவது போனில் கேட்டால் 112க்கு அடியுங்கள், அவளிடம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போய் அவரை நாலு சாத்து சாத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நீங்கள் வீட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள். அதற்கான விலையை அன்று இரவே அவள் கொடுப்பாள். சாதிப் பஞ்சாயத்து, இரு வீட்டுப் பெரியவர்கள் என்று உட்கார்ந்து பேசுவதிலும் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. எதிரே கணவர் உட்கார்ந்திருக்க, பத்து ஆண்கள் சுற்றி நிற்க, "உனக்கு என்னம்மா குறை, சொல்லு" என்றால் எந்தப் பெண் வாயைத் திறப்பாள்? கடைசியில் ஒரு வெள்ளைத் தாளில் இருவரிடமும் எழுதி வாங்குவார்கள். அவர் இனி அடிக்கமாட்டார், அவள் இனி எதிர்த்துப் பேசமாட்டாள் என்று இரண்டையும் ஒரே எடையில் வைத்து எழுதுவார்கள்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் பயப்படுவது போலவே பலரும் பயப்படுகிறார்கள்: கேஸ் போட்டால் விவாகரத்துதான், மாப்பிள்ளையை ஜெயிலில் போட்டுவிடுவார்கள், பிறகு சேர்ந்து வாழ வழியில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, அப்படிப்பட்டது இல்லை. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தில் விவாகரத்து கேட்காமலே பாதுகாப்பு கேட்கலாம். அடிக்கக் கூடாது, அவள் வேலை செய்யும் இடத்துக்கோ குழந்தையின் பள்ளிக்கோ போய்த் தொந்தரவு செய்யக் கூடாது, மாதாமாதம் இவ்வளவு பணம் தர வேண்டும், நகையையும் சீரையும் திருப்பித் தர வேண்டும், குழந்தை தற்காலிகமாக அவளிடம் இருக்க வேண்டும் என்றெல்லாம் மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். அவசரம் என்றால் அவள் தரும் பிரமாணப் பத்திரத்தை வைத்து, எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடவும் வழி இருக்கிறது. உத்தரவை மீறினால்தான் குற்றம். அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உடலில் விழும் அடி மட்டுமல்ல, வசைபாடுவது, காசு கொடுக்காமல் வைத்திருப்பது, நகையைப் பறித்துக்கொள்வது, படுக்கையில் கட்டாயப்படுத்துவது எல்லாமே இந்தச் சட்டத்தின் கண்ணில் வன்முறைதான்.

"வீடு மாமனார் பேரில் இருக்கிறது, அவளுக்கு என்ன உரிமை" என்று உங்கள் அப்பா கேட்டாராம். சொந்தமோ வாடகையோ, யார் பேரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. மாமனாருக்குச் சொந்தமான வீட்டுக்கும் இது பொருந்தக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் 2020 அக்டோபரில் தெளிவாகச் சொன்னது. இன்னொன்றும் உங்களுக்கு உதவும். கணவர் ஊரில் போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்றில்லை. அவள் தற்காலிகமாக உங்கள் வீட்டில் தங்கியிருந்தால் உங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் முதல் வாசல், சமூக நலத் துறையின் கீழ் வரும் பாதுகாப்பு அலுவலர்; உங்கள் மாவட்ட ஆட்சியர் வளாகத்தில் விசாரித்தால் காட்டிவிடுவார்கள். அவர் நடந்ததைக் கேட்டு அறிக்கையாக எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். இந்த அலுவலருக்கு அவள்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் உள்ள எவரும், பக்கத்து வீட்டுக்காரர்கூட, தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னதற்காக அவர் மேல் எந்த வழக்கும் வராது. வக்கீல் செலவை நினைத்து மலைக்காதீர்கள். பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும். அதன் அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும், தொலைபேசி 15100.

சட்டப் புத்தகத்தில் முதல் விசாரணை மூன்று நாளுக்குள், முடிவு அறுபது நாளுக்குள் என்று இருக்கிறது. நடைமுறையில் மாதங்கள் ஓடும். அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் யாராவது அவளோடு போக வேண்டும். அவள் தனியாக நீதிமன்ற வராந்தாவில் நிற்க, எதிர்ப்பக்கம் அவர் வீட்டார் ஏழெட்டுப் பேர் நின்று முறைத்துக்கொண்டிருக்கும் அந்தக் காலைப்பொழுதில்தான் பல மனுக்கள் திரும்பப் பெறப்படுகின்றன.

மகளிர் காவல் நிலையம் இன்னொரு வழி. 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதலாவது தொடங்கப்பட்டபோது, கூச்சமில்லாமல் பெண்கள் வந்து சொல்ல ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எண்ணம். நல்ல ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன். வந்த பெண்ணை உட்காரவைத்து "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்று அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறேன். எது நடந்தாலும் புகார் மனுவுக்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். கொடுமைப்படுத்தும் கணவர் மேல் குற்ற வழக்காகவே போட அவள் விரும்பினால் அதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 85வது பிரிவு இருக்கிறது, மூன்றாண்டு வரை தண்டனை. பழைய 498ஏ-தான் இப்போது இந்த எண்ணில் வருகிறது. ரத்த உறவு என்ற முறையில் நீங்களும் இந்தப் புகாரைக் கொடுக்கலாம். அவளைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கிளம்பும் நேரம்தான் மிக ஆபத்தான நேரம். இதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். கை மீறிப் போகிறாள் என்று தெரியும்போதுதான் அவர் உச்சத்துக்குப் போவார். அதனால் சண்டையின் நடுவே "நான் போறேன்" என்று அறிவித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். அவர் வேலைக்குப் போயிருக்கும் பகல் வேளை நல்லது. அதற்கு முன்பே ஆதார், பாஸ்புக், சான்றிதழ்கள், குழந்தையின் தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் படம் பிடித்து, அவர் பார்க்கமுடியாத ஓர் இடத்தில், அவள் நம்பும் ஒரு தோழியிடம் வைக்கலாம். ஒரிஜினல்களை ஒன்றொன்றாக, கோயிலுக்குப் போகும் சாக்கில், உங்கள் அம்மாவிடம் சேர்த்துவிடலாம். மகளிர் உரிமைத் தொகை வருகிறது என்றால் எந்தக் கணக்கில் வருகிறது, பாஸ்புக் யாரிடம் என்று கேளுங்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது, கையில் காசே கொடுக்கப்படாத ஒருத்திக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

போன் விஷயத்தில் மிகக் கவனம். அவள் வாட்ஸ்அப் வேறொரு கருவியிலும் திறந்திருக்கலாம். கூகுள் கணக்கு அவருடையதாக இருந்தால் அவள் எங்கே இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

ராத்திரியில் உங்கள் ஊருக்கு வர முடியாமல் போனால்? 181 மகளிர் உதவி எண் இருபத்து நாலு மணி நேரமும் எடுக்கும். மாவட்டத்தில் உள்ள சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் குழந்தையோடு ஐந்து நாள் வரை தங்கலாம். மருத்துவம், போலீஸ், வக்கீல், ஆலோசனை எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே ஏற்பாடு செய்வார்கள். 2015இல் தொடங்கிய திட்டம் இது. இன்னும் எத்தனையோ பெண்களுக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது.

அவளிடம் இப்போது எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை, கோபத்தில் இரண்டு மாதமாகப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் வேண்டுவதும் அதைத்தான். அண்ணனும் அறுத்துவிட்டான், இனி யார் இருக்கிறார்கள் உனக்கு என்று சொல்ல அவருக்கு வசதி. இந்த வாரமே கூப்பிடுங்கள். ஸ்பீக்கரில் போட்டிருப்பாள், பக்கத்தில் அவர் இருப்பார் என்று நினைத்துக்கொண்டே பேசுங்கள். குழந்தை சாப்பிட்டானா, மழை பெய்ததா, அம்மாவின் முட்டிவலி, அது போதும். மாப்பிள்ளையையும் விசாரியுங்கள், குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல். அடுத்த வாரமும் கூப்பிடுங்கள். நேரில் தனியாகக் கிடைக்கும்போது, "ஏன் போனே?" என்று தொடங்காதீர்கள். "நீ சொல்றதை நான் நம்புறேன். உன் மேல தப்பு இல்ல. எப்ப வேணும்னாலும் வா, ராத்திரி ரெண்டு மணின்னாலும் வா, யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்று சொல்லுங்கள். ஆபத்து என்றால் சொல்ல ஏதாவது ஒரு சாதாரண வாக்கியத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், "அம்மாவோட மாத்திரை வாங்கிட்டியா" என்பது போல. அந்த வாக்கியம் வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்: 112ஐக் கூப்பிடுவதா, வண்டி எடுத்துக்கொண்டு போவதா, பக்கத்து வீட்டு அக்காவைக் கதவைத் தட்டச் சொல்வதா.

"யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்று நீங்கள் வாக்குக் கொடுத்தால் அதைக் காப்பாற்ற வீட்டில் முதலில் பேச வேண்டும். அத்தையின் வாயை அடைப்பது உங்கள் வேலை, தங்கையின் வேலை இல்லை. அப்பாவிடம் தனியாக உட்கார்ந்து, கழுத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். சின்னத் தங்கையிடமும் கேளுங்கள். அக்கா அடிபட்டுக் கிடக்கும் விலைக்கு வரும் வரன் எனக்கு வேண்டாம் என்று அவளே சொல்லக்கூடும். இந்த வயதுப் பெண்கள் நாம் நினைப்பதைவிடத் தெளிவாக இருக்கிறார்கள்.

181க்கு நீங்களே இன்று கூப்பிட்டுப் பேசலாம். தங்கையின் பெயரைச் சொல்லாமலே, இப்படி ஒரு நிலைமை, உங்கள் மாவட்டத்தில் யாரைப் பார்க்க வேண்டும், சகி மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதி வையுங்கள். பாதுகாப்பு அலுவலரின் அறை எந்த மாடியில் என்பது வரைக்கும் ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவள் கிளம்புகிற அன்று நீங்கள் வழி விசாரித்துக்கொண்டிருக்கக் கூடாது.

அன்புடன்,
உங்கள் அக்கா